வேறு ஊரில் இருப்பவருக்குப் பூங்கொத்து அனுப்புவது எப்படி

வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்குப் பூங்கொத்து அனுப்ப வேண்டும். இணையத்தில் தேடினால் பளிச்சென்று ஒரு தளம் முதலில் வந்து நிற்கிறது. படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிடுகிறீர்கள். மறுநாள் அங்கே போய்ச் சேர்வதோ படத்தில் பார்த்ததில் பாதிகூட இல்லை. பன்னிரண்டு ரோஜாவுக்கு எட்டு. மிச்ச இடத்தை ஜிப்சோஃபிலா என்ற பொடி வெள்ளைப் பூவும் பச்சை இலையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கட்டிக்கொடுத்த பூக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். தன் கைக்கு வந்த பணத்துக்குச் சரியாகத்தான் கட்டியிருப்பார்.

அந்தத் தளத்துக்குச் சொந்தமாகக் கடையும் கிடையாது, பூவும் கிடையாது. ஆர்டரை வாங்கித் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை அந்த ஊரில் உள்ள ஏதோ ஒரு கடைக்குத் தள்ளிவிடுகிறது. கடைக்காரர் வண்டிக்கூலி, கட்டுக்கூலி, காகிதம், நாடா எல்லாவற்றையும் அந்த மீதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பூவுக்கென்று கடைசியில் நிற்பது சொற்பம். ஊர்விட்டு ஊர் ஆர்டர் மாற்றிக்கொள்வது ஒன்றும் புதிதல்ல. அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் 1910-லேயே தந்தி வழியாக இதைச் செய்வதற்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். அப்போது இரு முனையிலும் பூக்கடைக்காரர்கள் இருந்தார்கள். இப்போது நடுவில் நிற்பவர் ஒரு காம்பைக்கூடத் தொட்டுப் பார்க்காதவராக இருக்கலாம்.

அதனால் முதல் வேலை, பெறுபவர் இருக்கும் ஊரில் பூவைத் தன் கையால் கட்டப்போகும் கடையைப் பிடிப்பது. அது அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிந்துவிடும்.

கடையைப் பிடிக்கும் வழி

ஊர்ப் பெயரையும் 'பூக்கடை' என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றைத் தாண்டி நேரே வரைபடத்துக்குப் போங்கள். பெறுபவரின் முகவரியை வைத்து, அதைச் சுற்றி ஐந்து முதல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளை மட்டும் பாருங்கள். அதைவிடத் தூரமானால் வண்டிக்கூலி கூடும். பூ வண்டிக்குள் கிடக்கும் நேரமும் கூடும்.

ஒவ்வொரு கடையிலும் பார்க்க வேண்டியது வாசல் தெரியும் தெருப்படம், கதவு எண்ணோடு முகவரி, வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்துப் போட்ட படங்கள். கடை போட்டிருக்கும் படங்களைவிட வாடிக்கையாளர் படங்கள்தான் பேசும். வெள்ளைப் பின்னணியில் நிழலே விழாத படங்கள் மட்டுமே இருந்தால் அவை பொதுவான பட்டியல் படங்கள். வேறு நூறு தளங்களிலும் அவையே கிடக்கும். கடைக்காரர் தன் மேசைமேல் வைத்து, கொஞ்சம் கோணலாக, பின்னால் வாளி தெரிய எடுத்த படம் இருந்தால் நம்பலாம். அதில் அவருடைய கைப்பழக்கமும் தெரியும்: நெருக்கமாக உருண்டையாகக் கட்டுகிறவரா, காம்பு நீளமாகத் தெரிய காட்டுப்பாங்காகக் கட்டுகிறவரா என்று. அந்தப் பாணி உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வேறு கடை பாருங்கள். உருண்டையாகக் கட்டிப் பழகியவரிடம் காட்டுப்பாங்காகக் கேட்டால் இரண்டும் கெட்டானாக வரும்.

பிறகு போன் செய்யுங்கள். எடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "இன்னிக்கு என்ன பூ புதுசா வந்திருக்கு?" கடையில் நிற்பவர் வாளிகளைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவார். "எல்லாம் இருக்கு, தளத்துல இருக்கற பொக்கே எண்ணைச் சொல்லுங்க" என்று பதில் வந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது அழைப்பு மையத்தோடு. மரியாதையாக வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

போன் செய்யும் நேரமும் முக்கியம். காலையில் கடை திறந்ததும் சரக்கைப் பிரிப்பது, காம்பு வெட்டுவது, அன்றைய வண்டியை அனுப்புவது என்று கை ஓயாது. வண்டி கிளம்பிய பின், முற்பகல் முடியும் நேரத்திலோ பிற்பகலிலோ அழைத்தால் நிதானமாகப் பேசுவார்கள். எத்தனை நாள் முன்னால் சொல்வது? சாதாரண நாளுக்கு இரண்டு மூன்று நாள் போதும். லில்லி கேட்பதாக இருந்தால் நான்கு நாள் கொடுங்கள்; மொட்டாக வந்து கடையில் விரிய வேண்டும். அன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்றால் நண்பகலுக்குள் சொல்லிவிட வேண்டும், அதுவும் இருக்கிற பூவில் கட்டுவதற்கு ஒப்புக்கொண்டு. பிப்ரவரி 14, அன்னையர் தினம் போன்ற நாட்களில் விலை ஏறும், வண்டி நெருக்கும், வெளியாள் வந்து கட்டுவார். இரண்டு வாரம் முன்பே சொல்லி, முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது நல்லது. அன்னையர் தினம் நாட்டுக்கு நாடு வேறு தேதியில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்ன சொல்லி ஆர்டர் கொடுப்பது

படத்தைக் காட்டி 'இதேபோல்' என்பதுதான் எல்லோரும் செய்வது. கடைக்காரருக்கு அதுதான் சங்கடம். அந்தப் படத்தில் உள்ள ஏழு வகைப் பூவில் மூன்று அவரிடம் இருக்கும், மீதி நான்குக்கு மாற்றுத் தேடுவார், மாற்று ஒட்டாது. படத்துக்குப் பதிலாக ஐந்து விஷயம் சொல்லுங்கள்: மொத்தப் பணம் எவ்வளவு, யாருக்கு, எதற்காக, என்ன நிறம், எது கண்டிப்பாக வேண்டாம். பேச்சு இப்படி இருக்கும்:

"வணக்கம்ங்க. வர்ற வியாழக்கிழமை உங்க ஊர்ல ஒரு வீட்டுக்குப் பொக்கே அனுப்பணும். டெலிவரியோட சேர்த்து என் பட்ஜெட் இவ்வளவு. வயசான அம்மா ஒருத்தங்க, உடம்பு தேறி வீட்டுக்கு வந்திருக்காங்க. வெளிர் நிறமா, வாசனை அதிகமில்லாம வேணும். ரோஜா இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவாயில்லை. லில்லி மட்டும் வேண்டாம், வீட்ல பூனை இருக்கு. வியாழக்கிழமைக்கு எது நல்லா இருக்கும்?"

"புதன்கிழமை சரக்கு வருதுங்க. பீச் கலர் ரோஜா வரும். வெள்ளை லிசியாந்தஸ் நல்லா நிக்கும். ஹைட்ரேஞ்சியா இப்ப வேண்டாம், இந்த வெயில்ல வண்டியில போறதுக்குள்ள தலை சாஞ்சிடும்."

இந்தப் பதிலில் 'வேண்டாம்' என்று ஒரு சொல் வந்ததே, அது வந்தால் கடையை நம்பலாம். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற கடை, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் போகிறது.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள். 'டெலிவரி, ஜாடி, கார்டு எல்லாம் போகப் பூவுக்கு எவ்வளவு நிற்கும்?' என்று நேராகக் கேட்கலாம். ஜாடி வேண்டாம் என்றால் அந்தத் தொகை பூவாகும். பொம்மை, பலூன், சாக்லேட் எல்லாம் பூவின் பணத்தைத் தின்பவை. பட்ஜெட் சிறியது என்றால், விலை கூடின பூவில் ஐந்தாறு காம்பை இலையோடு கட்டுவதைவிட, ஒரே வகைப் பூவை, அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை, கை நிறையக் கட்டச் சொல்லுங்கள். இருபது காம்பு ஆல்ஸ்ட்ரோமேரியா ஒரே நிறத்தில் நின்றால் அது ஏழைக் கொத்தாகத் தெரியாது. ஐந்து வகையில் இரண்டிரண்டு காம்புதான் அப்படித் தெரியும்.

மாற்றுப் பூ பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். 'நிறம் மாறக் கூடாது, பூ மாறலாம்' என்றோ, 'பூ மாறக் கூடாது, நிறம் மாறலாம்' என்றோ ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டும் மாறக் கூடாது என்றால், 'கிடைக்காவிட்டால் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும் முன் ஒரு படம் அனுப்பச் சொல்வதில் தப்பே இல்லை. பெரும்பாலான கடைகள் மகிழ்ச்சியாகவே அனுப்பும்.

கட்டும் விதம்

கைக்கட்டு, ஜாடி, ஃபோம். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வரும்.

கைக்கட்டில் காம்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, திருகுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்க வேண்டும். நன்றாகக் கட்டிய கைக்கட்டை மேசைமேல் வைத்தால் தானே நிற்கும். காம்புகள் நேராக விறகுக் கட்டுபோல் இருந்தால் நடுவில் உள்ளவை நசுங்கும், ஜாடியில் வைத்ததும் எல்லாம் ஒரு பக்கம் விழும். அனுப்பும்போது காம்பு நுனியில் தண்ணீர்ப் பை கட்டச் சொல்லுங்கள். செலோஃபேன் பைக்குள் இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீர் விட்டு இறுக்கிக் கட்டுவது. ஈரப் பஞ்சு மட்டும் சுற்றினால் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது.

ஜாடியோடு அனுப்பினால் பெறுபவருக்கு எந்த வேலையும் இல்லை. வீட்டில் ஜாடி இருக்குமா என்று தெரியாத இடத்துக்கு இதுதான் சரி. ஆனால் உயரமான கண்ணாடி ஜாடி இரு சக்கர வண்டியில் போகாது. எந்த வண்டி என்று கேளுங்கள்.

ஃபோம் என்பது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சைக் கட்டி. கூடை, பெட்டி, வளையம் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். அதை நனைக்கும் முறையிலேயே பாதி விஷயம் இருக்கிறது: தண்ணீர்மேல் வைத்துவிட்டு, அது தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் கையால் அமுக்கினால் வெளிப்புறம் நனைந்து நடுவில் காற்று அடைபட்டுவிடும். வெளியே ஈரமாகத் தெரியும், காம்பு நுனியோ உலர்ந்த இடத்தில் குத்தி நிற்கும். கூடையில் ஒரு பக்கப் பூ மட்டும் மறுநாளே வாடினால் காரணம் இதுதான். ஒருமுறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக நனையாது. மட்கவும் செய்யாது, பொடிந்து நுண் நெகிழியாகும். ஒருநாள் நிகழ்ச்சிக்கு மட்டும் ஃபோம் போதும். வீட்டில் ஒரு வாரம் இருக்க வேண்டிய பரிசுக்குக் கைக்கட்டோ ஜாடியோ கேளுங்கள்.

எந்தப் பூ எவ்வளவு நாள் நிற்கும்

நல்ல சரக்கு, சுத்தமான தண்ணீர், நேர் வெயில் படாத இடம் என்றால் கார்னேஷனும் செவ்வந்தியும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும். ஆந்தூரியமும் சிம்பிடியம் ஆர்க்கிடும் அப்படியே. ஆல்ஸ்ட்ரோமேரியா பத்து முதல் பதினான்கு நாள், லிசியாந்தஸ் ஏறக்குறைய பத்து நாள். லில்லி ஒவ்வொரு மொட்டாக விரிவதால் ஒரு வாரத்துக்கு மேல் போகும். ரோஜா ஐந்து முதல் ஏழு நாள், சிலது பத்து. ஜெர்பரா, சூரியகாந்தி ஏறத்தாழ ஒரு வாரம். டுலிப் ஐந்தாறு நாள்தான். அதுவும் வெட்டிய பிறகும் வளர்ந்துகொண்டே போகும், வெளிச்சம் வரும் பக்கம் வளையும். கொத்தில் டுலிப் மட்டும் எகிறி நிற்பது கட்டியவர் தவறில்லை.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குணம் உண்டு. ஜெர்பராவின் தண்டில் மென்மயிர் இருக்கும். ஆழமான தண்ணீரில் அது கொழகொழவென்று அழுகும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தண்ணீர் போதும். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் குடிக்கும் பூ. தாகம் வந்தால் அரை மணியில் தலை தொங்கிவிடும். நல்லவேளை, தலையோடு தண்ணீரில் அமுக்கி வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். டாஃபோடில் வெட்டிய காம்பிலிருந்து வடியும் பிசின் மற்ற பூக்களை வாட்டும். பல மணி நேரம் தனியாகத் தண்ணீரில் வைத்து வடியவிட்ட பிறகே கொத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்த பின் காம்பை மறுபடி வெட்டக் கூடாது. கார்னேஷன் எத்திலீன் என்ற வாயு பட்டால் இதழை உள்ளே சுருட்டித் தூங்கிவிடும், அது எழாது. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் அந்த வாயுவைத்தான் விடுகின்றன, வண்டிப் புகையிலும் அது உண்டு. பூவையும் பழத்தையும் ஒரே கூடையில் வைத்து அனுப்பும் ஏற்பாடு பார்க்க அழகு, பூவுக்குக் கேடு.

குளிர்ப்பெட்டி விஷயத்தில் ஒன்று. ரோஜா, கார்னேஷன் போன்றவை 2 முதல் 4 டிகிரி செல்சியசில் இருந்தால் தூங்குவதுபோல் அப்படியே இருக்கும். ஆந்தூரியம், ஹெலிகோனியா போன்ற வெப்ப மண்டலப் பூக்களை அதே பெட்டியில் வைத்தால் கருத்துவிடும். அவற்றுக்கு 12 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அவற்றைக் கேட்கிறீர்கள் என்றால், 'இதைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே வைக்கிறீர்களா?' என்று விசாரியுங்கள்.

நீங்களே கடைக்குப் போய்ப் பார்க்க முடிந்தால், ரோஜாவில் இதழைப் பார்க்காதீர்கள். பூவின் கழுத்தை, அதாவது இதழ்கள் காம்போடு சேரும் அடிப்பகுதியை, இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக, சிறு எதிர்ப்புக் கொடுத்தால் புதுசு. பஞ்சுபோல் அமுங்கினால் பழைய சரக்கு. வாடிய வெளி இதழ்களை உரித்துவிட்டுப் புதுசாக நிறுத்தியிருக்கிறார்கள். வெளி இதழ் ஒன்றிரண்டில் பச்சை ஓட்டமும் கீறலும் இருப்பது குறையில்லை. அது மொட்டைக் காக்கும் காவல் இதழ். அது இருப்பது நல்ல அறிகுறி. செவ்வந்தியில் பூவைவிட இலை முதலில் பழுக்கும், அதனால் இலையைப் பாருங்கள். லில்லியில் ஒரு மொட்டாவது விரியத் தொடங்கி, மற்றவற்றில் நிறம் தெரிய வேண்டும். கெட்டிப் பச்சையாக இருக்கும் மொட்டு பல நேரம் விரியாமலே காயும். கடைசியாக, வாளியை முகர்ந்து பாருங்கள். தண்ணீர் நாறினால் திரும்பி வந்துவிடலாம்.

கார்டு

சுருக்கமாக எழுதுங்கள், கார்டு சின்னது, இருபது முப்பது சொல்லுக்கு மேல் எழுத்து பொடிசாகிவிடும். உங்கள் பெயரை முழுதாகப் போடுங்கள். 'அன்புடன் குமார்' என்றால் பெறுபவருக்குத் தெரிந்த குமார்கள் மூன்று பேராவது இருப்பார்கள்.

தமிழ் படிக்காத ஊரில் தமிழில் எழுத வேண்டும் என்றால் போனில் சொல்லிப் பயனில்லை, எழுத்தாக அனுப்பினாலும் ஆபத்துதான். அவர்களுடைய அச்சுப்பொறியில் எழுத்துரு இல்லாமல் 'கொ' என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறி வரும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். அங்கே யாருக்கும் அது பிழையென்றே தெரியாது. வெள்ளைத் தாளில் கையால் எழுதி, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, 'இதை அப்படியே அச்சடித்து ஒட்டுங்கள்' என்று அனுப்புங்கள். கையெழுத்தும் போய்ச் சேரும். எது மேல்பக்கம் என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். தெரியாத எழுத்தைத் தலைகீழாக ஒட்டிவிடுவது நடக்கிற காரியம்.

முகவரியும் டெலிவரியும்

பூ வாடிப் போவதைவிட, போய்ச் சேராமல் திரும்புவதுதான் அடிக்கடி நடக்கிறது. கொடுக்க வேண்டியவை: பெறுபவரின் முழுப்பெயர், கதவு எண், மாடி, வாயிற்கதவுக்கு எண் பூட்டு இருந்தால் அந்த எண், அருகில் உள்ள அடையாளம், பெறுபவரின் போன் எண், உங்கள் போன் எண். ஆச்சரியம் கெட்டுவிடும் என்று பெறுபவர் எண்ணைக் கொடுக்காமல் விடுவார்கள். கொடுத்துவிட்டு, 'வீடு கண்டுபிடிக்க முடியாவிட்டால் மட்டும் அழையுங்கள், யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்' என்றால் போதும்.

நேரத்தை மணிக் கணக்கில் கேட்காதீர்கள். '10 மணி' என்றால் எந்தக் கடையாலும் உறுதி தர முடியாது. 10 முதல் 1 வரை என்றால் தரலாம். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாரிடம் கொடுப்பது என்பதை முன்பே சொல்லுங்கள்: பக்கத்து வீடு, காவலர், வரவேற்பு மேசை. எதுவும் சொல்லாவிட்டால் கொண்டுவருபவர் வாசலில் வெயிலில் வைத்துவிட்டுப் போவார், அல்லது கொத்து வண்டியிலேயே சுற்றிவிட்டு மாலையில் கடைக்குத் திரும்பும். மறுமுறை கொண்டுபோக இன்னொரு கூலி கேட்பார்கள், கேட்பது நியாயம்தான்.

அலுவலகத்துக்கு என்றால் வாரத்தின் முதல் பாதியில், முற்பகலில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை போன கொத்து திங்கள்வரை பூட்டிய அறையில் கிடக்கும். வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பதால் அளவாக, தண்ணீர் சிந்தாத பெட்டியில் இருக்கட்டும்.

மருத்துவமனைக்கு அனுப்பும் முன் அங்கே ஒரு போன் செய்துவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளிலும் பொதுவாகப் பூவை விடமாட்டார்கள். ஜாடித் தண்ணீரிலும் இலையிலும் கிருமி இருக்கும். மற்ற பிரிவுகளிலும் லில்லி, சம்பங்கி போன்ற கடும் வாசனைப் பூ வேண்டாம். நோயாளி அடுத்த நாளே வீடு திரும்பலாம் என்றால் வீட்டுக்கே அனுப்புவது மேல்.

துக்கத்துக்கு அனுப்பும்போது இறந்தவரின் பெயரையும் சடங்கு தொடங்கும் நேரத்தையும் கடைக்குச் சொல்லி, இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சேரும்படி கேளுங்கள். எந்தப் பூ, எந்த நிறம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த ஊர்க் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லி அனுப்பவே கூடாது. லில்லியம் (வழக்கமான லில்லி), ஹெமரோகாலிஸ் (டே லில்லி) இரண்டு வகையும் அதில் அடக்கம். இதழைக் கடித்தால் மட்டுமல்ல, மேலே உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். பூனை இருக்கிறதா என்று தெரியாவிட்டால் 'லில்லி வேண்டாம்' என்றே சொல்லிவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக்கு என்றால் பூவைக் கட்டி விமானத்தில் அனுப்ப நினைக்க வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பல நாடுகளில் சுங்கத்திலேயே நின்றுவிடும். அந்த ஊர்க் கடையைப் பிடிப்பதுதான் வழி, முறை மேலே சொன்னதேதான். கூடுதலாக மூன்று: அவர்கள் கடை நேரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள், அங்கே அன்று விடுமுறையா என்று பாருங்கள், அட்டை எண்ணை மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுதி அனுப்பாமல் பணம் கட்டும் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

பெறுபவருக்கு இதை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடலாம். மேலே சுற்றிய தாளை எடுத்துவிடவும். நடுவில் கட்டிய நாடாவை அவிழ்க்க வேண்டாம், அவிழ்த்தால் வடிவம் போய்விடும். தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடவும். கூர்மையான கத்தியால் ஒவ்வொரு காம்பையும் சாய்வாக இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, வெட்டிய உடனே தண்ணீரில் வைக்கவும். வெட்டிய காம்பு காற்றில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் குழாய்க்குள் காற்றுக்குமிழி ஏறும். பிறகு தண்ணீர் ஏறாது. மொக்கைக் கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், அதிலும் அதே கதிதான்.

கொத்தோடு ஒரு சிறு பொட்டலம் வரும். அதில் சர்க்கரை, அமிலம், கிருமிநாசினி மூன்றும் இருக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலம் போட்டு மீதியைச் சேமிப்பவர்கள் கிருமிக்குச் சர்க்கரை ஊட்டுகிறார்கள். கிருமியைக் கொல்லும் அளவு அதில் இருக்காது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சர்க்கரை 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, வாசனை சேர்க்காத ப்ளீச் அரைத் தேக்கரண்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் விட வேண்டும். ப்ளீச்சையும் எலுமிச்சையையும் நேரடியாகக் கலந்தால் நச்சு வாயு வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் மாற்றி, காம்பைச் சிறிது வெட்டிவிட்டால் போதும். மின்விசிறிக் காற்றும், பழக்கூடையும், ஜன்னல் வெயிலும் பக்கத்தில் வேண்டாம்.

லில்லி விரிந்ததும் நடுவில் உள்ள பழுப்பு மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். துணியில் பட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கக் கூடாது, கறை உட்கார்ந்துவிடும். ஒட்டுநாடாவை மேலே ஒட்டி ஒட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

ரோஜா கழுத்து மடங்கித் தொங்கினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். காம்பை மூன்று நான்கு சென்டிமீட்டர் வெட்டி, பூவின் கழுத்துவரை தாளால் இறுக்கச் சுற்றி நேராக நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 40 டிகிரி, ஆழமான தண்ணீரில் இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்தால் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிடும். வந்த அன்றே மடங்கியது இப்படி மீண்டால் வழியில் தண்ணீரில்லாமல் வந்திருக்கிறது. மீளாவிட்டால் சரக்கே பழசு.

குறை இருந்தால்

படம் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்: முழுக் கொத்து ஒன்று, வாடிய பூ அருகிலிருந்து ஒன்று, காம்பு நுனி ஒன்று. காம்பு நுனி பழுப்பாகக் கொழகொழத்திருந்தால் பழைய சரக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் கடைக்கு அனுப்பி, என்ன வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: புதுக்கொத்து, அல்லது பணத்தில் ஒரு பகுதி. 'என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்டு நிறுத்தினால் மன்னிப்பு மட்டும்தான் வரும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் ஜாடியில் தண்ணீர் மாற்றவில்லை என்பார்கள்; அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. நிறம் கொஞ்சம் மாறியது, ஒரு காம்பு ஒடிந்தது போன்றவற்றைப் பணக் கணக்கில் கொண்டுவராமல், அடுத்த ஆர்டரில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நன்றாக அமைந்துவிட்டால் பெறுபவர் அனுப்பிய படத்தைக் கடைக்காரருக்கு அனுப்பி, தன் ஏட்டில் அந்த முகவரியோடு 'வெளிர் நிறம், வாசனை குறைவு, லில்லி வேண்டாம், வீட்டில் ஜாடி இருக்கிறது' என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை தேதியையும் தொகையையும் சொன்னால் போதும்.